மாத்திரையும் உண்டு, ஸ்டியரிங்கும் உண்டு

கியரக்கா என்றால் அந்த டிப்போவில் காவலாளி முதல் மேனேஜர் வரைக்கும் தெரியும். அங்கே முதன்முதலாக ஸ்டியரிங் பிடித்த பெண் அவள்தான். வந்த புதிதில் கியர் மாற்றும்போதெல்லாம் வண்டி கிர்ரென்று கத்தும். ஆம்பிளை டிரைவர்கள் காதைப் பொத்திக்கொண்டு, "அக்கா, பஸ்ஸு ஓட்டுறீங்களா, மாவு அரைக்கிறீங்களா?" என்று சிரிப்பார்கள். அவளோ, உட்கார்ந்துகொண்டே தூங்கும் பெரியவரின் தலைகூட ஆடாதபடி கியர் மாற்றக் கற்றுக்கொண்டாள். கேலியாக வந்த பேர் மரியாதையாக நின்றுபோனது.

அவள் பிறந்த குடும்பத்தில் சர்க்கரை இல்லாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அம்மாவுக்கு இருந்தது. அம்மாவின் அக்காவுக்கு இருந்தது. அந்தப் பெரியம்மாவின் இரண்டாவது மகனுக்கும் கடைசி மகளுக்கும் இருந்தது. நடுவில் ஒருத்தி தப்பித்தாள் என்று பார்த்தால், அவள் கட்டிக்கொண்ட ஆள் அதைச் சீதனமாகக் கொண்டுவந்தான். அந்த வீட்டில் நகையைப் பிரித்துக்கொண்டபோது நாறிப்போகிற அளவுக்குச் சண்டை வந்தது. சர்க்கரையைப் பிரித்துக்கொண்டதில் மட்டும் ஒரு முணுமுணுப்பும் இல்லை.

கியரக்காவுக்கும் அவள் தம்பிக்கும் அது ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்தது. அப்போது அவள் மகளுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது. டாக்டர் எழுதிக்கொடுத்த பெரிய வெள்ளை மாத்திரையை அன்றைக்குத் தொடங்கியவள், அந்த மகள் கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்கும் பல் முளைக்கிறவரைக்கும் விடாமல் விழுங்கிக்கொண்டிருந்தாள்.

தம்பி அப்படிச் செய்யவில்லை. "வருஷக்கணக்கா மாத்திரை தின்னா கிட்னி போயிடும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு, கொஞ்ச காலத்திலேயே நிறுத்திவிட்டான். சர்க்கரையும் வாயைத் திறக்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தது. கடைசியில் போனதும் கிட்னிதான். இப்போது வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரி நாற்காலியில் சாய்ந்தபடி, தன் ரத்தம் குழாயில் வெளியே போய்த் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"கிட்னியைக் காப்பாத்தத்தான்டா மாத்திரையை விட்டேன்னு சொன்னே?" என்று அவள் ஒரு முறை கோபத்தில் கேட்டுவிட்டாள்.

"ஆமாக்கா. கடிச்சிடும்னு பயந்து நாயை வித்துட்டேன், திருடன் உள்ள வந்துட்டான்" என்றான் அவன். அதைச் சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சரி, நடந்ததற்கு வருவோம்.

டிரைவர்கள் ஓய்வறையில் அலமாரிக்கு மேல் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். பிஸ்கட் இருக்காது. சர்க்கரை மாத்திரைதான் இருக்கும். டாக்டர் மாத்திரையை மாற்றினால் மிச்சமானதை அதில் போடுவார்கள். வீட்டில் மறந்துவிட்டு வந்தவர்கள் அதிலிருந்து ஒன்று எடுத்துக்கொள்வார்கள். அட்டையைக் கத்தரியால் ஒவ்வொரு மாத்திரையாக வெட்டிப் போட்டிருப்பதால், எது என்ன மாத்திரை என்று மேலே எழுதியிருப்பது பாதியிலேயே அறுந்துபோயிருக்கும். யாரும் அதைப் பார்ப்பதும் இல்லை. தீப்பெட்டி கேட்பதுபோல, "சுகர் மாத்திரை ஒண்ணு குடுப்பா" என்பார்கள். எல்லாம் சுகருக்குத்தானே என்பது அந்த அறையின் நினைப்பு.

இன்னொரு வழக்கமும் இருந்தது. வண்டி எடுக்கும்முன் மாத்திரை. சாப்பாடு அந்தப் பக்கம் கடைசி ஸ்டாப்பில் இறங்கிய பிறகு. வயிறு நிறைய இருந்தால் நடுவழியில் ஒதுங்க வேண்டி வரும், ஒதுங்க இடம் கிடையாது என்பதால் வந்த பழக்கம் அது. பெண் என்பதால் கியரக்காவுக்கு அந்தக் கவலை இரட்டிப்பு. சாப்பாட்டோடு விழுங்கு என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். வெறும் வயிற்றில் அவளுடைய மாத்திரை கொஞ்சம் பிசையும், அவ்வளவுதான். அதனால் அவளுக்குப் பயம் விட்டுப்போயிருந்தது.

அன்று அவள் தம்பி வீட்டிலிருந்து நேராக வேலைக்கு வந்தாள். மாத்திரை வீட்டிலேயே இருந்துவிட்டது. டப்பாவில் கைவிட்டாள். கையில் வந்தது சின்னதாக, நடுவில் கோடு போட்ட மாத்திரை. "சின்னதா இருக்கே" என்று தோன்றியது. தொண்டையில் சிக்காமல் இறங்கியதற்குச் சந்தோஷப்பட்டுக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

பாலத்துக்கு முன்னால் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வண்டிகள் மூட்டைபோல அடைந்து கிடந்தன. கியரக்காவுக்கு முதலில் வந்தது வியர்வை இல்லை, கோபம். முன்னால் நின்ற லாரி மேல் கோபம், வெயில் மேல் கோபம், கண்டக்டர் விசிலடித்ததற்குக் கோபம். அப்புறம் முதுகில் வியர்வை ஆறாக ஓடியது. ஸ்டியரிங் மேல் இருந்த விரல்கள் தாளம் போட்டன. எதிரே சிக்னலில் சிவப்பு எரிந்தது. சிவப்பு என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்கு நினைவுக்கு வரவில்லை.

அந்த ஒன்றுதான் அவளை உலுக்கியது. பாதி ஆயுசு பார்த்த சிவப்பு. எதிரே நிற்கிறது, அர்த்தம் இல்லை.

உடம்பில் மிச்சமிருந்த பழக்கம் மட்டும் வேலை செய்தது. கைப்பிரேக்கை இழுத்தாள், இன்ஜினை அணைத்தாள், சாவியைப் பிடுங்கினாள். சாவியைக் கண்டக்டர் மடியில் எறிந்துவிட்டு, கீழே இறங்கி நடைபாதையில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா, பஸ்ஸு கிளம்பாதா?"

அவள் ஏதோ சொன்னாள். நாக்கு குழறியது.

"அட, பொம்பளை குடிச்சிருக்குப்பா!" என்றார் கைப்பெட்டிக்காரர் ஒருவர். "வாயை ஊதச் சொல்லுங்க!" அவர் சொல்லி முடிப்பதற்குள் நாலைந்து செல்போன்கள் அவள் முகத்துக்கு நேரே நீண்டன.

கண்டக்டருக்குச் சில்லறை என்று பேர். யார் கேட்டாலும் இல்லை என்று சொல்வதால் வந்தது. அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் கழுத்தைத் தொட்டான். சில்லென்று ஈரம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் கையிலிருந்து இனிப்பு ஜூஸ் பாட்டிலைக் கேட்காமலே பிடுங்கினான்.

"குடிக்கா. முழுங்கு. இன்னும் கொஞ்சம். துப்பினே, கொன்னுடுவேன்."

பாட்டில் காலியாகிக் கொஞ்ச நேரத்தில் உலகம் திரும்பி வந்தது. சிவப்புக்கு அர்த்தம் வந்தது. அவமானமும் கூடவே வந்தது.

"உனக்கு எப்படிடா தெரிஞ்சுது?"

"என் மாமனார் கல்யாணத்தன்னிக்கு இப்படித்தான் குழறினாரு. பொண்ணு குடுக்க மனசில்லைன்னு நெனச்சேன். பார்த்தா சுகர் இறங்கியிருக்கு."

மறுநாள் மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. தலைவலி வராமல் நாளை ஓட்ட வேண்டும் என்று நினைக்கிற மனிதர். வீடியோ அவருக்கும் மேலே இருப்பவர்களுக்கும் போயிருந்தது.

"குடிக்கலைன்னு எனக்குத் தெரியும்மா. காலையில சாப்பிடலை, வெயில், மயக்கம் வந்துச்சு. இதை மட்டும் சொல்லுங்க. உடனே வண்டி எடுக்கலாம். மாத்திரைப் பேச்சே எடுக்காதீங்க. சுகர் மாத்திரை தின்னு மயக்கம்னு மேல போச்சுன்னா, மாத்திரை தின்றவங்களுக்கு ஸ்டியரிங்கே கிடையாதுன்னு உத்தரவு போட்டாலும் போடுவாங்க."

அவள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு ஓய்வறைக்கு வந்தாள். அதற்குள் அங்கே பஞ்சாயத்தே கூடியிருந்தது. ஓய்வுபெறும் வயதை நெருங்கிய டிரைவர் ஒருவர் உண்டு. எந்த இடுக்கிலும் பஸ்ஸைப் பின்னாலேயே கொண்டுபோய் நிறுத்துவதால் ரிவர்ஸ் என்பார்கள். அவர் முகம் வெளிறியிருந்தது.

"அது என் மாத்திரைம்மா. டாக்டர் வேற மாத்திட்டாரு. மிச்சத்தை டப்பாவுல போட்டேன். சொல்லிடாதே. என் கடைசி மகளுக்கு இன்னும் ஒண்ணும் ஆகலை."

"உங்க பேரை எதுக்குண்ணே சொல்லப்போறேன்?"

"பேரைச் சொல்லலைன்னாலும் டப்பாவைச் சொன்னா எல்லார் பொழைப்பும் போச்சு" என்றான் இன்னொருவன். "நீ பாட்டுக்கு வீரம் பேசிட்டுப் போயிடுவே."

"நான் வண்டியை நிறுத்தினேன். நாளைக்கு நீ பாலத்து மேல போறப்ப வந்துச்சுன்னா நிறுத்துவியா? சிவப்பு எதுக்குன்னே தெரியலைடா எனக்கு. உள்ள எத்தனை பேர் உட்கார்ந்திருந்தாங்கன்னு தெரியுமா?"

மாத்திரையை மறந்துவிட்டு வந்தவர்கள்கூட அன்று டப்பாவைத் தொடவில்லை.

வீட்டில் அதற்கு மேல். அவள் புருஷன் தச்சன். பேச்சு வேண்டாம் என்றால் கட்டையை இழைக்கத் தொடங்கிவிடுவான். அன்று அவன் அக்கா ஒரு பாட்டிலோடு வந்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய சின்ன மாமனாரின் மருமகன் எங்கேயோ வாங்கிவந்த கசப்புப் பொடி.

"அந்த மாத்திரையைத் தூக்கி எறி. இத்தனை வருஷம் தின்னு என்னத்தைக் கண்டே? நடுத்தெருவுல உட்கார்ந்ததுதான் மிச்சம். இதைத் தின்னா டெஸ்ட்டும் வேண்டாம், டாக்டரும் வேண்டாம். வண்டியையும் நிம்மதியா ஓட்டலாம்."

"அண்ணி, இதுல என்ன போட்டிருக்கு?"

"அதெல்லாம் ரகசியம்."

"மேல எழுதியிருந்ததைப் படிக்காம ஒண்ணைத் தின்னுதான் நடுத்தெருவுல உட்கார்ந்தேன். இதுல எழுத்தே இல்லை. இதைத் தின்னா எங்க உட்காருவேனோ!"

புருஷன் இழைப்புளியை நிறுத்தாமலே சிரித்தான். நாத்தனார் பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அந்த வீட்டில் காப்பிகூடக் குடிக்காமல் அவள் போனது அதுதான் முதல் முறை.

ஆனால் கியரக்காவுக்குள்ளேயும் ஒரு பயம் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை, புருஷனிடம்கூட. கொஞ்ச காலமாகவே அவள் இடது கால் மரத்துக்கொண்டிருந்தது. கிளட்சை மிதிக்கும் கால். செருப்பைப் பஞ்சில் சுற்றியதுபோல இருக்கும். பெரியம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்து, கடைசியில் காலையே எடுத்தார்கள். டாக்டரிடம் போனால் அதுவும் வெளியே வரும். மேனேஜர் சொன்னபடி பொய் சொன்னால் எதுவும் வராது. வண்டி கையில் இருக்கும், கால் இருக்கிறவரைக்கும்.

தம்பியிடம் போய் அதைச் சொன்னாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்கும் தெரிஞ்சுக்காம இருந்தது சௌகரியமாத்தான் இருந்துச்சுக்கா" என்றான் அவன். "நீ மட்டும் போகலைன்னு வை, இந்தக் குழாயைப் பிடுங்கிட்டு வந்து உன்னை அடிப்பேன். கையைக் குடு. அட, அழுவுறியா? பஸ் ஓட்டுற பொம்பளை அழலாமா? கண்ணாடி மறைக்கும்."

மறுநாள் மேனேஜர் அறையில் அவள் நின்றபடியே சொன்னாள்.

"சார், என் மாத்திரையை மறந்துட்டு வேற ஆளோட மாத்திரையைத் தின்னேன். சாப்பிடாம வண்டி எடுத்தேன். அதனாலதான் வந்துச்சு. தப்பு என்னோடது. யார் மாத்திரைன்னு கேட்காதீங்க, சொல்ல மாட்டேன். ஆனா மாத்திரையை விட மாட்டேன், பஸ்ஸையும் விட மாட்டேன்."

"ரெண்டும் வேணும்னா எப்படிம்மா?"

"டாக்டர் சொல்லட்டும். என்னை மட்டுமில்லை, சுகர் இருக்குற எல்லாரையும் அனுப்புங்க. ஒளிச்சுவெச்சுத் தின்ன வெச்சீங்கன்னா, அப்புறம் சோதிக்காம தின்பாங்க. இல்லை, தின்னாமலே ஓட்டுவாங்க. சுகரால கண்ணு போறது வெளியில தெரியாது சார். எந்த டிரைவர் வந்து உங்ககிட்ட சொல்லுவான்?"

மேனேஜர் பேனாவை மூடினார், திறந்தார். "சரி, டாக்டர் சொல்ற வரைக்கும் நீங்க தொலைஞ்ச பொருள் அறையில இருங்க."

குடைகளும் ஒற்றைச் செருப்புகளும் யாரோ மறந்துவிட்டுப்போன பல்செட்டும் உள்ள அறை அது. அவள் அங்கே போய் உட்கார்ந்தாள். சில்லறை தினமும் எட்டிப்பார்த்து, "தொலைஞ்ச டிரைவர் ஒருத்தர் இங்க இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவான்.

ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்த டாக்டரம்மா சின்ன வயசு. வேகமாகப் பேசுகிறவள், ஆனால் கேட்டால் நிற்கிறவள். கண்ணைப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், உள்ளங்காலில் மெல்லிய நைலான் இழை ஒன்றால் தொட்டுத் தொட்டு, "தெரியுதா? இங்க?" என்று கேட்டார்கள். சில இடங்களில் அவளுக்குத் தெரியவில்லை. பொய் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

"உங்க பழைய மாத்திரை சும்மா சர்க்கரையைக் கீழே தள்ளிவிடாது. அது மட்டும் தின்னா இப்படி மயக்கம் வர்றது ரொம்ப அபூர்வம்" என்றாள் டாக்டரம்மா. "நீங்க அன்னிக்குத் தின்னது வேற ஜாதி. அது கணையத்தைப் பிழிஞ்சு இன்சுலினை வெளிய எடுக்கும். வயித்துல சாப்பாடு இருக்கா இல்லையான்னு பார்க்காது. நல்ல மருந்துதான். வேளைக்குச் சாப்பிட முடியாத டிரைவருக்கு அது ஆகாது."

"என் கண்ணு? கிட்னி?"

"ரெண்டும் நல்லா இருக்கு. இத்தனை வருஷம் விடாம சாப்பிட்டதுக்குக் கிடைச்சது இது."

"மாத்திரைதான் கிட்னியைக் கெடுக்கும்னு சொல்றாங்களே?"

"கிட்னி கெட்டுப்போனவங்களுக்கு இந்த மாத்திரையை நாங்களே குறைப்போம், நிறுத்துவோம். உடம்புலேருந்து வெளிய போக முடியாம தேங்கும்னு. ஜனங்க அதைப் பார்த்துட்டு, மாத்திரைதான் கெடுத்துச்சுன்னு நினைச்சுக்குறாங்க. கெடுக்குறது சர்க்கரை. அதுக்காகத்தான் வருஷா வருஷம் கிட்னியைப் பார்க்கணும்."

கியரக்காவுக்குத் தம்பியின் முகம் வந்து போனது.

"அப்ப என் கால்? காலை எடுத்துடுவீங்களா?"

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை முடிவைத் திருப்பிப் பார்த்தாள். "உங்களுக்கு பி-12 சத்து ரொம்பக் குறைவா இருக்கு. இந்த மாத்திரையை ரொம்ப வருஷம் தின்னா, சில பேருக்கு அந்தச் சத்து உடம்புல சேராம போகும். அப்ப நரம்பு மரத்துப்போகும். பார்க்கிறதுக்குச் சர்க்கரையால வந்த மரப்பு மாதிரியே இருக்கும். ஊசி போட்டா தேறும். முழுசா தேறுமான்னு இப்பச் சொல்ல முடியாது."

கியரக்கா எழுந்து நின்றுவிட்டாள். "மாத்திரையாலயா? இத்தனை வருஷம் மாத்திரை எழுதினீங்களே, ஒருத்தர்கூட இதைச் சொல்லலையே? பஸ்ஸுக்கு ஆயில் பார்க்கிற மாதிரி இதையும் பார்க்கணும்னு யாராவது சொன்னீங்களா? என் பெரியம்மா காலை நெனச்சு நான் தூங்கி எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப்பார்த்தார்கள். டாக்டரம்மா கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சொல்லியிருக்கணும்" என்றாள் கடைசியில். "சொல்லாதது எங்க தப்பு. நீங்களும் கால் மரக்குதுன்னு சொல்லியிருக்கணும்."

"சொன்னா வண்டியைப் பிடுங்குவீங்க."

"இப்பவும் கால் தேறுற வரைக்கும், வண்டி ஓட்டலாம்னு கையெழுத்துப் போட மாட்டேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். அப்புறம் கியரக்கா கையை நீட்டினாள். "சரி, ஊசியைப் போடுங்க."

ஊசி போட்டுக்கொண்டே மழைக்காலத்தைத் தொலைந்த குடைகளோடு கழித்தாள். பழைய மாத்திரை தொடர்ந்தது, சாப்பாட்டோடு. அவள் கிளப்பிவிட்டதால் மற்ற டிரைவர்களும் ஒவ்வொருவராக ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்கள். அவளைத் திட்டிக்கொண்டேதான் போனார்கள். அதில் ஒருவனுக்குக் கண்ணுக்குள் லேசாக ரத்தக் கசிவு தொடங்கியிருந்ததைக் கண்டுபிடித்து லேசர் வைத்தார்கள். திரும்பி வந்து ஒரு வாரம் அவளிடம் பேசவில்லை, அப்புறம் அவளுக்கு ஒரு டீ வாங்கிவைத்துவிட்டு ஓடினான். டப்பாவிலிருந்த மாத்திரைகளை ரிவர்ஸ் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் ஒப்படைத்தார். வழக்கம்போல அதையும் பின்பக்க வாசல் வழியாக.

கால் மெதுவாகத் திரும்பி வந்தது. ஒரு நாள் குளிக்கும்போது வெந்நீர் பட்டுச் சுரீர் என்றது. வலித்ததற்காக அவள் சத்தம்போட்டுச் சிரித்தாள். புருஷன் உளியோடு ஓடிவந்தான். இரண்டு விரல் மட்டும் மரத்தபடியே நின்றது. டாக்டரம்மாவிடம் அதையும் சொன்னாள். அவள் தொட்டுப் பார்த்தாள், மிதிக்கச் சொன்னாள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை வர வேண்டும் என்று மிரட்டினாள், கையெழுத்துப் போட்டாள்.

மேனேஜருக்கு அது போதவில்லை. முதல் நடைக்குத் தானே கூட வருவதாகச் சொன்னார். டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டில் டீக் கோப்பையோடு உட்கார்ந்தார். ஸ்டாப்பில் கூட்டம் நின்றது. கியரக்கா இன்ஜினைத் தொடவில்லை. டிபன் டப்பாவைத் திறந்து, ரொட்டியும் முட்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"டைம் ஆச்சும்மா."

"ஆகட்டும் சார். டீசல் இல்லாம வண்டியை எடுக்கச் சொல்லுவீங்களா?"

"கடைசி ஸ்டாப்புல சாப்பிட்டுக்கலாமே? எப்பவும் அப்படித்தானே?"

"எப்பவும் அப்படித்தான். அதனாலதான் நடுவழியில இறங்கினேன்." அவள் நிதானமாக மென்றாள். "இனிமே மாத்திரை இருக்குற டிரைவர் எல்லாரும் தின்னுட்டுத்தான் எடுப்பாங்க. அதுக்குத் தகுந்தாப்புல டைம் போடுங்க. ஒதுங்க ஒரு இடமும் கட்டிக் குடுங்க. வயித்தைக் காயப்போட்டு உங்க டைமைக் காப்பாத்த முடியாது."

மேனேஜர் சில்லறையைப் பார்த்தார். சில்லறை வானத்தைப் பார்த்தான். அவள் கடைசித் துண்டை விழுங்கி, பெரிய வெள்ளை மாத்திரையை எல்லாரும் பார்க்கும்படி உள்ளங்கையில் வைத்து, தண்ணீரோடு இறக்கினாள்.

வாசலில் ஒரு கால் வைத்த கைப்பெட்டிக்காரர் அப்படியே நின்றார். "இது அன்னிக்கு நடுவழியில வண்டியை நிறுத்தின அம்மா இல்ல?"

"நானேதான்" என்றாள் கியரக்கா. "குடிக்கலை. சுகர். மாத்திரை தின்பேன், சாப்பிடுவேன், முடியலைன்னா நிறுத்துவேன். அன்னிக்கு நிறுத்தினதாலதான் நீங்க இன்னிக்குப் பெட்டியோட நிக்கிறீங்க. ஏறுறதா இருந்தா ஏறுங்க. இல்லைன்னா வழியை விடுங்க, பின்னாடி ஆள் நிக்கிறாங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். அடுத்த பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஏறினார்.

கியரக்கா இடது காலால் கிளட்சை மிதித்தாள். இரண்டு விரல் பேசவில்லை, மற்றதெல்லாம் பேசியது. பாலத்தில் ஏறும்போது கியர் மாற்றினாள். மேனேஜர் கையிலிருந்த டீ அசையக்கூட இல்லை.